ஒன்பதாம் நிபந்தனை

வாடகை ஒப்பந்தத்தில் ஒன்பதாவது:
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
கிருலப்பனையில்
கால்வாய்ப் பக்கம் பின்கதவு திறக்கும் இந்த அனெக்ஸில்
கலண்டர்கூடக் கதிரையில்தான் குந்தியிருக்கிறது.

ஆகவே குருவிகளுக்கு ஒரு தட்டுக் கட்ட நினைத்த அன்று
முதலில் தேடியது
ஆணி கேளாத ஓர் இடத்தை.
பின்வளவு பத்தடிக்கு ஆறடி.
ஒரு தண்ணீர்த் தாங்கி.
உடுப்புக் காயும் ஒரு கம்பி.
மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கும்
பக்கத்து வீட்டு ஜம்பு மரத்தின் ஒரேயொரு கிளை.
கிளை அவர்களுடையது.
நிழலுக்கு இன்னும் யாரும் வாடகை கேட்கவில்லை.

முதலில் ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தல்.
மெழுகுதிரியில் கம்பி பழுக்கவைத்து ஓட்டை போட்டு
இரண்டு மரக் கரண்டிகளைக் குறுக்கே செருகினேன்.
ஓட்டை பெரிதாய்ப் போயிற்று.
கவிழ்த்துப் பிடித்த கணத்தில்
அரைக் கிலோ குறுணலும் என் பாதத்தில்.
அரிசி விற்கிற விலைக்கு!
எறும்புகள் அன்றிரவு
கலியாண வீட்டுக்குப் போவதுபோல் வரிசையில் வந்தன.

பிறகு எருமைத் தயிர்ச் சட்டி.
தின்று முடிக்க மூன்று நாள்.
கழுவி, காயவைத்து, விளிம்பில் மூன்று துளை என்று கணக்கு.
முதலாவது வந்தது.
இரண்டாவதும் வந்தது.
மூன்றாவதில் சட்டி
"இவ்வளவுதான் என்னால்" என்று இரண்டாய்ப் பிரிந்தது.

அடுத்த சட்டி வாங்கிய கடையில்
நௌஸாத் என்ற பெடியன்,
பஸ்ஸில் கொண்டுபோக வசதியென்று,
சட்டியைச் சுற்றி நைலோன் கயிறு பின்னி
ஒரு பிடி வைத்துத் தந்தான்.
ஹெவ்லொக் வீதியில், நூற்றிருபதாம் இலக்க பஸ்ஸில்,
மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன்.
உறி!
ஆணியும் வேண்டாம், துளையும் வேண்டாம்.
இறங்கவேண்டிய தரிப்பிடம் போய்விட்டிருந்தது.

மதிலுக்கு அப்பால் ஹேமமாலியிடம்
கிளையைக் கேட்டேன்.
"கட்டுங்க நங்கி, மரத்துக்கென்ன" என்றாள்,
கையில் பாதி உரித்த பூண்டோடு.

நான்கு நாள் ஒருவரும் வரவில்லை.
ஐந்தாம் நாள் காகம் வந்து
சட்டியைச் சரித்துச் சோதித்துவிட்டுப் போனது.
பாரத்துக்கு ஒரு கருங்கல் வைத்தேன்.
பின்னேர மழை குறுணலை ரசமாக்கியது.
அடிப்பிடித்த தாச்சியை மேலே கவிழ்த்துக் கட்டினேன்.
பார்க்க அழகில்லை.
தொப்பி போட்ட பிச்சைப் பாத்திரம்.

ஒன்பதாம் நாள் காலை,
நான் வேலைக்குப் பிந்திய காலை,
ஒன்று வந்தது. மண்ணிறம், வெளிறிய கண்.
திரும்பி ஏதோ கத்தியது.
மற்ற ஆறும் விழுந்தடித்து வந்து சேர்ந்தன.
ஒரே சட்டிக்குள் ஏழு,
ஒன்றின் முதுகில் ஒன்று,
எல்லாரும் பேச, ஒருவரும் கேளாத கூட்டம்.

மதிலுக்கு மேலே ஹேமமாலியின் முகம்,
சின்னப் பிள்ளைபோல:
"நங்கி, நங்கி, தெமலிச்சோ!"

சொல்லிவிட்டாள்.
சொன்ன பிறகுதான் அவளுக்கும் கேட்டது.
அவளுடைய பாஷையில் அந்தக் குருவிக்கு
என் இனத்தின் பெயர்.
சத்தம் போடுவதாலா,
கூட்டமாய்த் திரிவதாலா,
யார் வைத்தது, எப்போது,
இரண்டு பேருக்கும் தெரியாது.
அவள் பூண்டு இல்லாத கையைச் சேலையில் துடைத்தாள்.

"நாங்க புலுனி எண்டு சொல்லுவம்."
"புலூனி" என்றாள்.
"புலுனி."
"புளுனி."
ஏழும் தின்றுகொண்டிருந்தன.
எந்தப் பெயருக்கும் ஒன்றும் தலை தூக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை
மதிலுக்கு அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம்.
டொக். டொக். நின்று, மறுபடி டொக்.
எட்டிப் பார்த்தேன்.
தன் வீட்டுச் சுவரில்
நான்கு அங்குல ஆணி ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தாள்,
காலடியில் ஒரு தயிர்ச் சட்டி.

சுவர் எத்தனை இலகுவாய் ஆணியை வாங்குகிறது,
சொந்தச் சுவரென்றால்.

"உயரம் சரியா?" என்று கேட்டாள்.
இன்னும் கொஞ்சம் மேலே, என்று
கையால் காட்டினேன்.